ஏசியை மாற்றப் போகிறீர்களா? கடைக்குப் போகும் முன் எக்செல்லில் ஒரு கணக்கு!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் நடப்பது இதுதான். முதல் மாதம் படம் பார்ப்பார்கள். இரண்டாம் மாதம் கேம்ஸ். மூன்றாம் மாதம் மானிட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி விடுவார்கள். "பிள்ளை படிப்புக்கு வாங்கினோம், நமக்கு இதில் என்ன வேலை?" என்று பெரியவர்கள் ஒதுங்கி விடுகிறார்கள். வீட்டுச் செலவில் ஒரு பெரிய தொகையை எடுத்து வைக்கும் முன் உட்கார்ந்து கணக்குப் போட, கம்ப்யூட்டரை விடச் சிறந்த துணை கிடையாது. அதற்கு எக்செல்லில் கூட்டல், பெருக்கல், வகுத்தல் மூன்றும் தெரிந்தால் போதும்.

விருதுநகர் மாவட்டம் காரியாபட்டியில் இருக்கும் என் அக்கா வீட்டில் கோடை ஆரம்பத்தில் ஏசி நின்று விட்டது. 2011ல் வாங்கிய ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏசி. மெக்கானிக் திறந்து பார்த்து விட்டு, "கம்ப்ரசர் போச்சு. மாற்ற கேஸோடு சேர்த்து 14 ஆயிரம் ஆகும். ஆனால் காயிலும் கசிகிறது, அதற்கு நான் கேரண்டி தர முடியாது" என்று சொல்லி விட்டார். அதே அறையில்தான் மச்சானுடைய அம்மா படுத்திருக்கிறார். வயது எண்பது. வெயில் தாங்காது. ஜூனில் மகளுக்குக் காலேஜ் பீஸ் கட்ட வேண்டும்.

மச்சான் போன் செய்தார். "மாப்ளே, மதுரையில விசாரிச்சேன். த்ரீ ஸ்டார் முப்பத்தாறாயிரம், ஃபைவ் ஸ்டார் நாப்பத்தஞ்சாயிரம்ங்கிறான். எதை வாங்க? இல்ல பழசையே ரிப்பேர் பாக்கவா?"

"மச்சான், பாப்பாவுக்கு வாங்கின கம்ப்யூட்டரை ஆன் பண்ணுங்க" என்றேன்.

அன்று போனில் அவருக்குச் சொன்ன கணக்கைத்தான் இங்கே விரிவாகத் தருகிறேன். அமெரிக்காவில் பல இடங்களில் வீட்டைச் சூடாக்கும் எந்திரம், குளிரூட்டும் எந்திரம், வீடு முழுக்க ஓடும் காற்றுக் குழாய் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். அங்கே அது வீட்டுச் செலவிலேயே மிகப் பெரிய செலவுகளில் ஒன்று. நமக்கு அந்தப் பாதித் தலைவலி இல்லை. காரியாபட்டியில் ஹீட்டர் வேண்டும் என்று கேட்டால் கடைக்காரர் குளிக்க வெந்நீர் போடும் ஹீட்டரைத்தான் காட்டுவார். நம் கணக்கு குளிர்ச்சிக்கு மட்டும்தான்.

முதல் ஷீட்: கடை விலையும் கைக்கு வரும் பில்லும்

எக்செல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்செல் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் என்ற தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து, அதில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். இங்கே சொல்லும் எல்லாமே அதிலும் வேலை செய்யும். ஒரு விஷயம்: ஏ, பி, சி என்று தமிழில் அச்சிட்டிருந்தாலும் கீபோர்டில் அதற்குரிய ஆங்கில எழுத்தைத்தான் தட்ட வேண்டும்.

ஏ வரிசையில் செலவின் பெயர், பி வரிசையில் தொகை. கடைக்காரரிடம் திரும்பத் திரும்பக் கேட்டு மச்சான் எழுதி வந்த பட்டியல் இது:

ஏசி (ஒன்றரை டன், 3 ஸ்டார்) - 36,000
மாட்டும் கூலி - 1,500
கூடுதல் காப்பர் பைப், 3 மீட்டர் - 2,700
வெளி யூனிட்டுக்கு ஸ்டாண்டு - 900
ஸ்டெபிலைசர் - 3,200
தனி ஒயர், பிரேக்கர் - 2,400
சுவரில் துளை போட - 500
பழைய ஏசி எக்ஸ்சேஞ்ச் - (கழித்தல்) 3,000

கடைசித் தொகையை மைனஸ் குறி போட்டு -3000 என்று டைப் செய்யுங்கள். அதற்கு அடுத்த செல்லில் கர்சரை வைத்து, டூல்பாரில் இருக்கும் ஆட்டோசம் பட்டனை ஒரு கிளிக் செய்து, என்டர் தட்டுங்கள். 44,200 என்று வரும்.

36 ஆயிரம் என்று நினைத்துக் கடைக்குப் போனவருக்கு எக்ஸ்சேஞ்ச் கழித்த பிறகும் எட்டாயிரத்துச் சொச்சம் கூட ஆகிறது! இதில் யாரும் ஏமாற்றவில்லை. ஏசி பெட்டியோடு வரும் பைப் பெரும்பாலும் 3 மீட்டர்தான். வெளி யூனிட்டை மொட்டை மாடியில் வைக்கும் வீட்டுக்கு அது எட்டாது. பழைய பைப்பையே வைத்துக் கொள்ளலாமே என்று கேட்பீர்கள். 2011ல் வந்த ஏசிகளில் பெரும்பாலும் ஆர்-22 கேஸ். இப்போது வருவதில் பெரும்பாலும் ஆர்-32. இதன் அழுத்தம் அதை விடச் சுமார் ஒன்றரை மடங்குக்கும் மேல். உள்ளே ஓடும் ஆயிலும் வேறு. பழைய பைப்பில் தங்கியிருக்கும் ஆயில் புதிய கம்ப்ரசருக்கு ஆகாது. ஆகவே பைப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

ஸ்டெபிலைசர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் யோசிக்கலாம். "இன்வெர்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசரே தேவையில்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று கம்பெனியின் புத்தகத்தில் போட்டிருப்பார்கள். உங்கள் தெருவில் சாயங்காலம் டியூப் லைட் மினுக்குகிறதா என்று பார்த்து முடிவு செய்யுங்கள். இன்வெர்டர் ஏசியில் ஒரு எலெக்ட்ரானிக் போர்டு இருக்கிறது. அது போனால் செலவு பல ஆயிரங்களில் வரும். "10 வருட வாரண்டி" என்று கொட்டை எழுத்தில் போடுவது கம்ப்ரசருக்கு மட்டும். போர்டுக்கு எத்தனை வருடம், கேஸுக்கு எத்தனை வருடம் என்று கடையில் நிற்கும்போதே கேட்டு, வாரண்டி கார்டில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஏசிக்கு ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் அது 18 சதவீதம். அதற்கு முன் எடுத்த விலைப்பட்டியல் யாரிடமாவது இருந்தால் அதை வைத்து ஒப்பிட வேண்டாம்.

ஸ்டார் ஸ்டிக்கரை எப்படிப் படிப்பது?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ. 2006ல் இந்த ஸ்டார் முறையைக் கொண்டு வந்தது. அறை ஏசிகளுக்கு 2010ல் இது கட்டாயமானது. எல்லோரும் நட்சத்திரத்தைத்தான் எண்ணுகிறார்கள். ஆனால் நட்சத்திரத்தின் அளவுகோல் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறிக் கொண்டே வருகிறது. 2010ல் 3.1 என்ற திறன் எண் இருந்தாலே 5 ஸ்டார். 2022 ஜூலையில் வந்த மாற்றத்தில் 1 ஸ்டார் வாங்கவே 3.3 வேண்டியிருந்தது, 5 ஸ்டாருக்கு 5.0 வேண்டியிருந்தது. (இரண்டுக்கும் அளக்கும் முறை கொஞ்சம் வேறு. இருந்தாலும் போகிற திசை புரிகிறதல்லவா?) எனவே கடையில் "போன வருஷ ஸ்டாக் சார், 5 ஸ்டார்" என்று விலை குறைத்துக் கொடுத்தால், ஸ்டிக்கரில் எந்தக் காலத்துக்கான லேபிள் என்று அச்சிட்டிருப்பதையும் பாருங்கள்.

நமக்கு வேண்டியது ஸ்டிக்கரில் உள்ள வேறு ஒரு எண். "வருடத்துக்கு இத்தனை யூனிட்" என்று போட்டிருப்பார்கள். வருடத்தில் 1,600 மணி நேரம் ஓடினால் ஆகும் மின்சாரம் அது. அதை 1,600ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று தெரிந்து விடும். மச்சான் பார்த்து வந்த 3 ஸ்டார் மாடலில் 970, 5 ஸ்டாரில் 750. கடைக்குப் போகாமலே பார்க்க வேண்டுமானால் பி.இ.இ.யின் ஸ்டார் லேபிள் இணையதளத்தில் கம்பெனிப் பெயரையும் மாடல் எண்ணையும் தேடலாம்.

ஆனால் இந்த எண் 24 முதல் 43 டிகிரி வரை வெளியே பல வெப்ப நிலைகளில் ஓடினால் வரும் சராசரி. நம் ஊரில் ஏப்ரல், மே மாதங்களில் சுவரே இரவு வரை சுடும். அதனால் நான் கால் பங்கு கூட்டிக் கொள்கிறேன், அதாவது 1.25ஆல் பெருக்குகிறேன். இது என் உத்தேசம்தான். உங்கள் வீட்டுக்கு ஏற்றபடி மாற்றிக் கொள்ளுங்கள்.

இரண்டாவது ஷீட்: யூனிட் கணக்கு

கீழே "ஷீட்2" என்ற டேபைக் கிளிக் செய்யுங்கள். (புது எக்செல்லில் ஒரே ஷீட்தான் இருக்கும், பக்கத்தில் உள்ள பிளஸ் குறியைக் கிளிக் செய்தால் இன்னொன்று வரும்.) முதல் வரியில் பி1ல் "3 ஸ்டார்", சி1ல் "5 ஸ்டார்" என்று தலைப்பு. பிறகு:

பி2: லேபிளில் உள்ள யூனிட், 970
பி3: =பி2/1600*1.25
பி4: ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம், 8
பி5: எத்தனை இரவுகள், 60
பி6: =பி3*பி4*பி5
பி7: ஏசி இல்லாமல் வீட்டில் ஆகும் யூனிட், 210
பி8: =பி6+பி7

60 இரவு என்பது இரண்டு மாதம், ஒரு பில். பி2 முதல் பி8 வரை மவுஸால் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தால் சி வரிசைக்கும் அதே பார்முலாக்கள் வந்து விடும். ஆனால் எண்களும் அப்படியே நகலாகவோ, ஒவ்வொன்றாகக் கூட்டியோ வந்து விடலாம். எனவே சி2ல் 750, சி4ல் 8, சி5ல் 60, சி7ல் 210 என்று திரும்ப டைப் செய்து விடுங்கள். நான் இந்த இடத்தில் முன்பு பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

பி8ல் 574, சி8ல் 491 வரும் (பைசாவை விட்டு விடுவோம்).

இந்த 210 எங்கிருந்து வந்தது? மின் வாரிய இணையதளத்தில் மின் இணைப்பு எண்ணைக் கொடுத்தால் பழைய பில்கள் தெரியும். ஏசி போடாத குளிர் மாதங்களில் மச்சான் வீட்டில் 190 யூனிட். கோடையில் ஃபேன் கூட ஓடும், பிரிட்ஜ் கூட இழுக்கும் என்று 20 சேர்த்தோம். போன கோடையில் பழைய ஏசியோடு வந்த பில்லில் 786 யூனிட். அதில் 210ஐக் கழித்து 480 மணி நேரத்தால் வகுத்தால், பழைய ஏசி மணிக்கு 1.2 யூனிட் குடித்திருக்கிறது என்று தெரிகிறது.

உங்கள் பழைய ஏசி இன்னும் ஓடுகிறதா? வீட்டில் மற்ற எல்லாவற்றையும் அணைத்து விட்டு மீட்டரைப் பாருங்கள். ஒரு சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னும். மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்து, ஒரு நிமிடத்தில் 64 முறை மின்னினால், 64 பெருக்கல் 60 வகுத்தல் 3200, அதாவது மணிக்கு 1.2 யூனிட். ஏசி விட்டு விட்டு ஓடும் என்பதால் பத்து நிமிட இடைவெளியில் நாலைந்து முறை எண்ணிச் சராசரி எடுங்கள். பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஆர்வமாகச் செய்வார்கள்.

மூன்றாவது ஷீட்: 500 என்ற கோடு

இங்கேதான் விஷயம் இருக்கிறது. 83 யூனிட் வித்தியாசத்தை யூனிட் விலையால் பெருக்கினால் போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அப்படிப் பெருக்க முடியாது. 2022 செப்டம்பரில் வந்த வீட்டு மின் கட்டணத்தைப் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால்:

1 - 100: இலவசம்
101 - 200: 2.25 ரூபாய்
201 - 400: 4.50
401 - 500: 6

500ஐத் தாண்டி விட்டால் அட்டவணையே வேறு:

1 - 100: இலவசம்
101 - 400: 4.50
401 - 500: 6
501 - 600: 8
601 - 800: 9
801 - 1000: 10
அதற்கு மேல்: 11

2024 ஜூலையில் இந்தத் தொகைகள் மறுபடி உயர்ந்தன. உங்கள் பில் எந்தக் கட்டணத்தில் வருகிறதோ அதை டைப் செய்யுங்கள். இங்கே கணக்கு புரிவதற்காக 2022 விகிதத்தையே வைத்துக் கொள்கிறேன்.

ஏ வரிசையில் அடுக்கு, பி வரிசையில் அந்த அடுக்கில் விழும் யூனிட், சி வரிசையில் விலை, டி வரிசையில் =பி2*சி2 என்று போட்டுக் கீழே இழுங்கள். கடைசியில் ஆட்டோசம். இஃப் பார்முலா போட்டு ஒரே செல்லில் முடிக்கலாம்தான், ஆனால் புதியவர்களுக்கு வரி வரியாகப் பார்ப்பதே நல்லது, தவறு எங்கே என்று கண்ணுக்குத் தெரியும்.

சரியாக 500 யூனிட் போட்டுப் பாருங்கள். பில் 1,725 ரூபாய். 501 போடுங்கள், 1,958 ரூபாய்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். கோட்டைத் தாண்டியதும் 101 முதல் 200 வரை கிடைத்த அரை விலைச் சலுகை போய் விடுவதுதான் காரணம்.

இப்போது மச்சான் வீட்டு எண்களைப் போடுவோம். ஏசி இல்லாமல் 210 யூனிட்டுக்கு 270 ரூபாய். 3 ஸ்டாரோடு 574 யூனிட்டுக்கு 2,542. 5 ஸ்டாரோடு 491 யூனிட்டுக்கு 1,671. வித்தியாசம் 871 ரூபாய், அதுவும் 83 யூனிட்டுக்கு. யூனிட் பத்து ரூபாய்க்கு மேல் விழுகிறது. கோடையில் இரண்டு பில் என்றால் வருடத்துக்கு 1,742. 5 ஸ்டாருக்குக் கூடுதலாகக் கொடுக்கும் 9 ஆயிரம் ஐந்து வருடம் கொஞ்சத்தில் திரும்பி விடும்.

பக்கத்து வீட்டில் ஏசி இல்லாமல் 100 யூனிட்தான் ஆகிறது என்று வைத்துக் கொள்ளுங்கள். பி7, சி7 செல்களில் 210க்குப் பதில் 100 போட்டால் 464, 381 யூனிட் வரும். பில் 1,509, சுமார் 1,040. வித்தியாசம் 470 ரூபாய்தான். இரண்டு ஏசியுமே கோட்டுக்குக் கீழேயே நிற்கின்றன. இவர்களுக்கு 9 ஆயிரம் திரும்ப ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். ஒரே தெரு, ஒரே கடை, ஒரே இரண்டு மாடல். ஒருவருக்கு 5 ஸ்டார் லாபம், இன்னொருவருக்கு 3 ஸ்டார் போதும். "5 ஸ்டார்தான் சார் பெஸ்ட்" என்று கடையில் எல்லோருக்கும் ஒரே பதில் சொல்வது எனக்கு ஒப்புதல் இல்லை.

3 ஸ்டாரே வாங்கியாக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. எக்செல்லில் டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக் (லிப்ரே ஆபீஸில் டூல்ஸ் மெனு). முதல் பெட்டியில் பி8, இரண்டாவதில் 500, மூன்றாவதில் பி4 என்று கொடுத்து ஓகே தட்டுங்கள். மொத்தம் 500 யூனிட்டில் நிற்க ஒரு இரவுக்கு எத்தனை மணி நேரம் ஓட்டலாம் என்று எக்செல்லே பின்னோக்கிக் கணக்குப் போட்டு 6.38 என்று சொல்லும். ரிமோட்டில் ஆறு மணி நேரத்துக்கு டைமர் வைத்தால் விடியற்காலையில் ஃபேன் பார்த்துக் கொள்ளும். செட் டெம்ப்பரேச்சரை ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று பி.இ.இ. சொல்கிறது. 2020 ஜனவரி 1 முதல் விற்பனைக்கு வரும் ஸ்டார் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில் தொடங்குவது இதற்காகத்தான். அதை 18க்கு இறக்குவதால் அறை சீக்கிரம் குளிர்ந்து விடாது.

டன்னை ஏன் அப்படியே வாங்க வேண்டும்?

இவ்வளவு கணக்கும் முடிந்து, "சரி, ஃபைவ் ஸ்டாரே வாங்கிருவோம்" என்று மச்சான் சொன்ன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அத்தை படுக்கும் அறை பத்துக்குப் பதினொன்று. 110 சதுர அடி. பொதுவாகச் சுமார் 120 சதுர அடி வரை ஒரு டன் போதும் என்பது வழக்கு. அப்புறம் ஏன் ஒன்றரை டன்?

"அப்ப மேல மொட்டை மாடில்ல மாப்ளே! தளம் சுட்டுச்சுன்னு கடைக்காரரே பெருசா வாங்கச் சொன்னார்."

2011ல் அது சரியான யோசனைதான். மொட்டை மாடிக்குக் கீழ் உள்ள அறைக்கு அளவைக் கூட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் மேலே ஒரு போர்ஷன் கட்டி விட்டார்கள். இப்போது அந்தத் தளத்தில் வெயிலே படுவதில்லை. ஏசியை மாற்றும்போது எல்லோரும் "பழையது ஒன்றரை, புதியதும் ஒன்றரை" என்றே கேட்கிறோம். இடையில் வீடு மாறியிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஏசி டன் என்பது எடையைக் குறிப்பதல்ல, அதையும் சொல்லி விடுகிறேன். ஒரு அமெரிக்க டன், அதாவது 907 கிலோ ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அவ்வளவு வெப்பத்தை அறையிலிருந்து வெளியேற்றும் திறன். கிலோவாட்டில் சுமார் 3.5.

ஷீட்2ல் டி வரிசையில் ஒரு டன் 3 ஸ்டார் மாடலைப் போட்டோம். லேபிளில் 680 யூனிட், விலை 30 ஆயிரம். டி6ல் 255, டி8ல் 465. பில் 1,515. ஒன்றரை டன் 5 ஸ்டாரை விடக் குறைவு! வாங்கும் செலவும் மற்ற பைப், கூலி எல்லாம் சேர்த்து 38,200தான், 5 ஸ்டாருக்கு ஆகும் 53,200ஐ விட 15 ஆயிரம் கம்மி. அந்த 5 ஸ்டார் 491ல் நின்றது, கோட்டுக்கு 9 யூனிட்தான் இடைவெளி. விருந்தாளிகள் நாலு நாள் வந்து தங்கினால் தாண்டி விடும். இதில் 35 யூனிட் இடம் இருக்கிறது.

பத்து வருடக் கணக்கையும் போட்டோம். பில்லில் ஏசியின் பங்கு மட்டும் வேண்டும், அதனால் ஒவ்வொன்றிலும் 270ஐக் கழித்து, வருடத்துக்கு இரண்டு பில், பத்து வருடத்துக்கு 20 பில்:

ஒன்றரை டன் 3 ஸ்டார்: 44,200 + 45,440 = 89,640
ஒன்றரை டன் 5 ஸ்டார்: 53,200 + 28,020 = 81,220
ஒரு டன் 3 ஸ்டார்: 38,200 + 24,900 = 63,100

முதல் வரியைக் கவனியுங்கள். ஏசிக்குக் கொடுத்ததை விட அதற்குக் குடிக்கக் கொடுத்தது அதிகம். சர்வீஸ் செலவு மூன்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால் சேர்க்கவில்லை.

பழையதை ரிப்பேர் செய்தால்? 786 யூனிட்டுக்குப் பில் 4,424. இப்போதைக்கு 14 ஆயிரத்தோடு முடியும் என்பது பெரிய ஈர்ப்பு, காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய வீட்டில் இதைக் குறைத்துப் பேச முடியாது. கசியும் காயிலுக்கு வருடம் ஒருமுறை கேஸ் நிரப்ப 3 ஆயிரம் என்று வைத்தால், ஒரு டன் ஏசியோடு ஒப்பிடும்போது வருடத்துக்குக் கூடுதல் செலவு 8,818 ரூபாய். ரிப்பேரில் மிச்சமாகும் 24,200 மூன்று வருடத்துக்குள் கரைந்து விடும். காயில் நல்ல நிலையில் இருந்து, ஏசியும் ஆறேழு வயதுதான் என்றால் நான் ரிப்பேரையே சொல்லியிருப்பேன். ஆர்-22 கேஸ் இன்னும் கிடைக்கிறது, ஆனால் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி அதைப் படிப்படியாகக் குறைத்து வருகிறார்கள்.

கூலர் போதாதா?

சென்னை வாசகர்கள் இதைத் தாண்டிப் போகலாம். அங்கே காற்றிலேயே ஈரம், ஏர் கூலர் போட்டால் பிசுபிசுப்புதான் மிஞ்சும். விருதுநகர் மாவட்டம் அப்படியில்லை. சிவகாசியில் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் வேரூன்ற எந்த வறண்ட காற்று உதவியதோ, அதே காற்றில்தான் கூலர் நன்றாக வேலை செய்யும். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுக்கிறது, அவ்வளவுதான் அதன் விஞ்ஞானம். 200 வாட் கூலர் எட்டு மணி நேரம் ஓடினால் 60 இரவுக்கு 96 யூனிட். மச்சான் வீட்டில் மொத்தம் 306 யூனிட், பில் 702 ரூபாய்.

ஆனால் அதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையில் தண்ணீருக்குக் குடத்தோடு நிற்கும் தெருவில் இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் பேடில் வெள்ளையாகப் படிந்து அடைத்துக் கொள்ளும். ஜன்னலைத் திறந்து வைக்கவும் வேண்டும். ஹாலுக்கு நல்ல யோசனை. எண்பது வயதுக்காரர் தனியாகப் படுக்கும் அறைக்கு நான் சிபாரிசு செய்யவில்லை.

மேலே தளம் கட்டாத வீடுகளில் மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைச் சுண்ணாம்பு அடிப்பது பழைய வழக்கம். கணக்கில் அதையும் ஒரு வரியாகச் சேர்த்து, லேபிள் எண்ணைப் பெருக்கும் 1.25ஐ 1.15 என்று குறைத்துப் போட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

மச்சான் ஒரு டன் 3 ஸ்டார் வாங்கினார். ஸ்டெபிலைசரும் வாங்கினார், சாயங்காலம் அவர் தெருவில் வோல்டேஜ் இறங்குகிறது. மாட்ட வந்தவர் பைப்பை வேக்குவம் பண்ணாமல் கேஸைத் திறக்கப் பார்த்திருக்கிறார். மச்சான் விடவில்லை. உள்ளே காற்றும் ஈரமும் நின்றால் கம்ப்ரசர் சீக்கிரம் போய் விடும். உங்கள் வீட்டுக்கு வரும்போதும் பம்பு கொண்டு வந்திருக்கிறார்களா என்று முதலிலேயே பாருங்கள்.

பைலை சேவ் செய்ய கன்ட்ரோல் கீயை அழுத்திக் கொண்டு எஸ் தட்டுங்கள். "ஏசி கணக்கு" என்று பெயர் கொடுங்கள். புது ஏசி ஓட ஆரம்பித்த பிறகு, வாரம் ஒருநாள் மீட்டர் ரீடிங்கை நான்காவது ஷீட்டில் தேதியோடு குறித்து வாருங்கள். இரண்டு மாதத்தில் பாதி நாள் ஆகும்போது 250ஐத் தாண்டியிருந்தால் டைமரை ஒரு மணி நேரம் குறைக்க இன்னும் அவகாசம் இருக்கிறது.